வாய்க்காலுக்கு ஓடிய உகரங்கள்

புது வாத்தியாருக்குப் பாடம் தெரியாவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம். பாடத்தைப் புதுவிதமாக நடத்தும் ஆசை வந்துவிட்டால்தான் பள்ளிக்கூடத்துக்கு ஆபத்து. பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்த கையோடு அது என்னைப் பிடித்துக்கொண்டது.

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளி, இரண்டாம் வகுப்பு. 'அழகு' என்பதோடு 'ஆன' சேர்ந்தால் கடைசி உகரம் போய்விடும். 'அழகான' என்று எழுத வேண்டும். பலகையில் எழுதிப் போட்டால் தீர்ந்தது. எனக்குப் போதவில்லை. ஒரு பையனை 'அழக்' என்று நிறுத்தினேன். அவன் கையைப் பிடித்தபடி இன்னொருவன் 'உ'. மூன்றாமவன் 'ஆன' வந்ததும், 'உ' கையை உதறிவிட்டு ஓடி, வெளியே புளியமரத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும். (எல்லாரும் உகரமாகவே இருக்கத்தான் அடித்துக்கொண்டார்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம்.)

இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் திருப்திப்பட்டால் என் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் எஸ்தரைக் கட்டிக் கொடுப்பேன் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

"அழகு" என்றார் இன்ஸ்பெக்டர். 'உ' ஓடினான். அவருக்குச் சிரிப்பு.

"நல்லாத்தான் இருக்கு வே. அன்பு?"

ஓடினவன் திரும்பவில்லை. அதற்காக நான் நிறுத்துவேனா? வேறொருவனை உகரமாக்கினேன். அவனும் ஓடினான். பண்பு, தெளிவு, சிறப்பு என்று அவர் அடுக்க அடுக்க, நானும் தாராளமாக உகரங்களை அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

"போனவனுவ எங்க வே?"

"மரத்தத் தொட்டுட்டு வந்துருவானுவ ஐயா."

எட்டிப் பார்த்தோம். புளியமரத்துக்கு அப்பால் வாய்க்காலில் அன்றுதான் புதுத்தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். என் உகரங்கள் அத்தனையும் அதில் முங்கிக்கொண்டிருந்தன.

"ஏலே, ஏறி வாங்கலே" என்று கத்தினேன்.

"நீங்கதான சார்வாள் ஓடச் சொன்னிய" என்று தண்ணீருக்குள்ளிருந்து பதில் வந்தது.

வகுப்பில் மிச்சம் இரண்டு பேர். இன்ஸ்பெக்டர் ஒருவனிடம் குனிந்தார்.

"நீ யாருலே?"

"ஆன, ஐயா."

அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "பாடம் சரிதான் வே. பள்ளிக்கூடத்துல பிள்ளையளும் இருக்கணும்லா? அடுத்த வருஷம் பாப்பம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எஸ்தரின் அப்பாவுக்குச் சேதி என்னை முந்திக்கொண்டு போயிருந்தது. "வகுப்புல பிள்ளையள நிறுத்தத் தெரியல, எம்மவள எங்கன வச்சுக் காப்பாத்தப் போறாரு?" என்றாராம். கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

எஸ்தர் அந்த ஒரு வருஷத்தை இன்னும் மன்னிக்கவில்லை. இப்போதும் வாசலில் மாமனார் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் நான் பைய கொல்லைப்புறம் நழுவிவிடுவேன். அவள் நிதானமாக வரவேற்பாள்: "வாங்கப்பா. நீங்க வந்திய, உகரம் ஓடிட்டு."

"அப்படியா?" என்பார் அவர். "வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சோ?"