கொரிய நரியும் ஒரு நிஜ நாயும்

புத்தகத்தில் வரும் மிருகங்கள்மேல் எனக்கு அளவில்லாத அன்பு. நேரில் வந்தால் ஓடிவிடுவேன். இதை மறைத்துக்கொண்டுதான் 2011இல் சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். தலைப்பு, ‘கொரியக் கதைகளில் மனிதரல்லாதவை’. பெண்ணாக மாற ஆசைப்படும் நரி, குறும்புப் பூதம், அழத் தெரிந்த ரோபோ என்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மனிதன்தான் உலகத்தின் நடுப்புள்ளி என்ற எண்ணத்தை உடைக்கப்போவதாக முதல் வரியிலேயே அறிவித்திருந்தேன். (உடைக்கத்தான் செய்தேன், அவர்களுடைய தண்ணீர் ஜக்கை.)

உதவித்தொகை கிடைக்காவிட்டால் செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலையே கதி. அதனால் நேர்முகத் தேர்வன்று காலையிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. காரில் கூட்டிவந்த அக்கா வெளியே கதிரையில் இருந்தாள். நான் நடைவழியை அளந்துகொண்டிருந்தேன்.

“கொஞ்சம் இரடி. உன்னைப் பாக்க எனக்குத் தலை சுத்துது.”

“இருந்தால் பாடமாக்கினது மறந்திடும் அக்கா.”

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் கொரியப் பேராசிரியை. சாந்தமான முகம். அவர் தலையாட்ட ஆட்ட என் ஆங்கிலம் வேகம் பிடித்தது.

“மனிதனுக்கும் மிருகத்துக்கும் நடுவில் நாம் போட்ட வேலி பொய்!” என்று கையை வீசினேன். “அந்த நரி வந்து கதவைத் தட்டினால் நாம் திறக்க வேண்டும்!”

அப்போது மேசைக்குக் கீழே ஈரமாக ஏதோ என் கணுக்காலை நக்கியது.

குனிந்து பார்த்தேன். வெள்ளை நாய். அடுத்த நொடி மேசைமேல் நின்றேன். எப்படி ஏறினேன் என்பது இன்றுவரை தெரியாது. ஜக் கீழே விழுந்து சிதறியது. “ஐயோ அம்மா! நாய்! நாய்!” ஆங்கிலம் முழுதாகக் கைவிட்டுவிட்டது.

“பயப்படாதீர்கள்,” என்றார் பேராசிரியை. “இவன் பெயர் கம்ஜா. எங்கள் மொழியில் உருளைக்கிழங்கு. காலில் ஆபரேஷன் செய்திருக்கிறது, வீட்டில் தனியாக விட முடியவில்லை.”

பக்கத்தில் இருந்தவர் பேனாவை எடுத்தார். “வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளலாமா?”

நான் பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள், ஓங்கிய குடையோடு.

“என்னடி? ஆர் அடிச்சது?”

மேசைமேல் நான். கீழே வாலாட்டும் கம்ஜா. அக்கா குடையைத் தாழ்த்தி, மூவரையும் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். சின்னனிலிருந்தே நான் இப்படித்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். (அதுவரை அவர்களுக்கு அதில் சந்தேகமாவது இருந்திருக்கும்.) பிறகு கண்ணாடித் துண்டுகளில் மிதித்துவிடாமல் நாயைத் தூக்கி, எனக்கென்று பையில் வைத்திருந்த வாய்ப்பனில் ஒரு துண்டைப் பிய்த்து ஊட்டினாள். வாழைப்பழம் போட்டுப் பொரித்த அந்தப் பலகாரம் உள்ளே போனதும் கம்ஜா அவள் தோளில் முகத்தைச் சாய்த்துவிட்டான்.

“வேறு யாரிடமும் போகமாட்டானே!” பேராசிரியைக்கு நம்பமுடியவில்லை. இருவரும் பத்து நிமிடம் அவனுடைய முழங்காலைப் பற்றிக் கதைத்தார்கள். என்னை இறங்கச் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

ஒரு வாரத்தில் வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. நான் பெட்டி மடிக்கத் திரும்பினேன். அடுத்த மாதம் பேராசிரியையிடமிருந்து தொலைபேசி வந்தது. நான் பாய்ந்து எடுத்தேன். அவர் கேட்டது அக்காவை. ஊருக்குப் போகிறாராம், கம்ஜாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று.

வந்தான். வெயில் விழும் அறை என்று என்னுடையதையே தேர்ந்தெடுத்தான். முதல் வாரம் கதிரைமேல் ஏறி நின்றுதான் தேத்தண்ணி குடித்தேன். பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தான்.

இன்றைக்கும் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அக்காவின் கணவரான அத்தான் முதலில் சொல்வது இதைத்தான்: “இவையள் ரெண்டு பேரும் ஒரே இன்டர்வியூவுக்குப் போனவை. அப்ளிகேஷன் போடாதவளுக்குத்தான் வேலை கிடைச்சது.”