கப்பலண்ணே கரையேறிய கதை

பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தவர். சொந்த வீட்டுக் குசினியில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் திணறியவர். இந்த இரண்டையும் ஒருசேரச் சாதித்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, பினாங்கு குயின் ஸ்திரீட்டில் இருந்த கப்பலண்ணேதான். இப்போதெல்லாம் யாராவது உல்லாசக் கப்பலில் ஊர் சுற்றிவிட்டு வந்து, “வீட்டுல இருப்பே கொள்ளல” என்று அலுத்துக்கொண்டால் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும். சிரித்துவிடுவேன். அவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. சரக்குக் கப்பலில் சமையல்காரர். நாலு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவி மரகதம் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனவர். நடுவில் ஐரோப்பாவில் சண்டை மூண்டு, கப்பல் போகிற வழியெல்லாம் மாறிப்போய், ஆப்பிரிக்காவின் அடியைச் சுற்றி லண்டன், நியூயார்க், பனாமா, கோபே என்று உலகத்தையே வலம் வந்து, இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து வீடு சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் போக்குவரத்து நின்றது. அவர் வீட்டோடு மாட்டிக்கொண்டார். வீடு அவரோடு மாட்டிக்கொண்டது என்று சொன்னால் இன்னும் பொருத்தம்.

அவர்கள் இருவரும் கீழே. நானும் என் கணவரும் மாடி அறையில். மாடிப் பலகையில் இடுக்கு இருந்தது, எனக்குக் காது இருந்தது. ஆகையால் நான் சொல்வதில் முக்கால்வாசி நிஜம்.

வந்த புதிதில் தெருப் பெண்களெல்லாம் உலகம் பார்த்த மனிதரிடம் கதை கேட்கப் போனோம்.

“லண்டன் எப்படிண்ணே இருந்திச்சு?”

“உருளைக்கிழங்கு மலிவு.”

“நியூயார்க்கு?”

“அங்கேயும் உருளைக்கிழங்குதான். சைஸ் பெரிசு.”

“பனாமா?”

கப்பலண்ணே கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். “பனாமாவுல வெங்காயம் உரிச்சேன்,” என்றார்.

கப்பல் கரையில் நின்றால் மற்ற ஆட்கள் ஊர் பார்க்க இறங்கிப்போவார்கள். பசியோடு திரும்பி வருவார்கள். அவர்களுக்குச் சோறு வடித்து வைக்க இவர் கப்பலிலேயே இருக்கவேண்டும். ஆக, உலகத்தை அவர் ஒரு சின்ன வட்ட ஜன்னல் வழியாக, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். இது எனக்குப் புரிந்தபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

வீட்டில் அவருடைய முதல் குற்றச்சாட்டு, தரை ஆடவில்லை என்பது. அசையாத தரையில் நடந்தால் தலை சுற்றுகிறதாம். காலை அகட்டி அகட்டி நடப்பார். கட்டிலில் தூக்கம் வராது. உத்தரத்தில் கோணித் துணியைத் தொட்டிலாகக் கட்டிப் படுத்துக்கொண்டு, சுவரைக் காலால் உந்தி உந்தி ஆடுவார். சோறு சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு அடியில் ஈரத்துணி போடுவார், தட்டு நழுவிவிடக் கூடாது என்று. பிறகு வீட்டில் உள்ள சாமான்களையெல்லாம் கயிற்றால் கட்ட ஆரம்பித்தார். கரண்டியைக் கட்டினார், ஜாடியைக் கட்டினார், கடைசியில் அம்மிக்கல்லையும் கட்டினார்.

“அம்மி எங்கேங்க ஓடப்போகுது?” என்று மரகதம் அக்கா கேட்டது தெருக்கோடி வரை கேட்டது.

“காத்து மாறினா தெரியும்,” என்றார் இவர்.

டிசம்பரில் குண்டு விழுந்தபோது காற்று மாறத்தான் செய்தது. அன்று எங்கள் தெரு பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை. கடைத்தெருவுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் சட்டி பானை தூள். கப்பலண்ணே வீட்டில் ஒரு குவளைகூட விழவில்லை. மரகதம் அக்கா ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் கயிற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிறகு ஜப்பான்காரன் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொன்னான். இருட்டிலேயே எழுந்து வேலைக்குப் போகவேண்டியதாயிற்று என்று ஊரே புலம்பியது. கப்பலண்ணே மட்டும் பூரித்துப்போனார்.

“கடிகாரத்த முன்னால தள்ளினா கப்பல் கிழக்கே போகுதுன்னு அர்த்தம், மரகதம். நாம போய்க்கிட்டு இருக்கோம்!”

“போற வழியில ரெண்டு விறகு பொறுக்கிட்டு வாங்க,” என்றார் அக்கா.

விறகு பொறுக்கப் போன இடத்தில்தான் காவலுக்கு நின்ற சிப்பாயிடம் அறை வாங்கினார். குனிந்து வணக்கம் வைக்கவேண்டும், அதுதான் சட்டம். இவரும் குனிந்தார். ஆனால் குனிந்துகொண்டே பழக்கதோஷத்தில் ஆடினார், சிரிக்கவும் செய்தார். குடித்திருக்கிறான் என்று சிப்பாய் ஓங்கி ஒன்று வைத்துவிட்டான். வீங்கிய கன்னத்தோடு வந்து படியில் உட்கார்ந்தவர் என்னிடம் சொன்னார்: “ஜப்பான்ல, கோபேல ஒரு ஆளு வெங்காய மூட்டை கொண்டாந்து குடுத்தான், தங்கச்சி. சிரிச்சுக்கிட்டே குடுத்தான். இவனுக்கும் அதே மூஞ்சி. அதனால நான் சிரிச்சேன். அதுதான் தப்பாப் போச்சு.” அவருக்கு வலியைவிட அந்தக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது.

இதெல்லாம் போகட்டும். உண்மையான சண்டை குசினியில்தான். அவர் இல்லாத காலத்தில் மரகதம் அக்கா வீட்டு வாசலில் தோசை சுட்டு விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் வந்து அரிசி அற்றுப்போனதும் மரவள்ளி மாவுத் தோசை. தீவின் மறுபக்கம் பாலிக் புலாவ் வரை போய்க் கிழங்கு வாங்கி மூட்டையாகக் கொண்டுவந்து, சிக்கனமாக நாள் நாளாகத் தள்ளுவார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். கப்பலண்ணே குசினிக்குள் புகுந்தார்.

அக்கா போர்வையோடு எழுந்து வந்து பார்த்தபோது, எங்கிருந்தோ இரவல் வாங்கிய அண்டாவில் மூட்டைக் கிழங்கு மொத்தமும் நெத்திலியும் மிளகாயுமாக வெந்துகொண்டிருந்தது. வாசனை மாடிக்கு வந்து என்னைக் கீழே இழுத்தது.

“யாருக்குங்க இவ்வளவு?”

“ஆளுங்களுக்கு.”

“எந்த ஆளுங்களுக்கு?”

கப்பலண்ணே கரண்டியைப் பிடித்தபடி சுற்றிப் பார்த்தார். நான் ஒருத்தி நின்றேன், அக்கா ஒருத்தி. அவருடைய ஆட்கள் எல்லோரும் எந்தெந்தக் கடலிலோ, எந்தெந்தக் கரையிலோ. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. “ரெண்டு பேருக்கு எப்படிச் சமைக்கிறதுன்னு எனக்கு மறந்துபோச்சு, மரகதம்,” என்றார்.

அன்று தெருவே தட்டோடு வந்து வயிறாரச் சாப்பிட்டது. மரகதம் அக்கா மட்டும் தொடவில்லை. போனது அவருடைய வியாபாரம்.

அடுத்த நாள் அக்கா என்னிடம் மனம்விட்டுப் பேசினார். “தனியா இருந்து பழகிட்டேன், தங்கச்சி. கதவு தட்டினா அவருதான்னு ஓடின காலம் போயிருச்சு. இப்ப அவரு இருமினா திடுக்குனு முழிச்சுக்கறேன், வீட்டுல யாரோ ஆம்பள இருக்கான்னு.” கப்பலண்ணேயும் அதே வாரம் அதே படியில் உட்கார்ந்து சொன்னார்: “இந்த வீட்டுல என் சட்டையை மாட்ட ஒரு ஆணி இல்ல, தங்கச்சி. கப்பல்ல பசிச்சா அத்தன பேரும் என்னத்தான் தேடுவாங்க. இங்க யாரு தேடுறா?” இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்லித் தொலைத்தார்கள். நான் நடுவில் நின்று தலையாட்டினேன்.

அப்போதுதான் ஒரு மண்டோர் வந்தான். முன்பு துறைமுகத்தில் கூலியாட்களை மேய்த்தவன். இப்போது ஜப்பான்காரன் கப்பலுக்கு ஆள் பிடிக்கிறான். “சமையலுக்கு ஆள் வேணும்ணே. கட்டாயம் இல்லலா. நாளைக்குக் காலையில படகுத்துறை ஜெட்டிக்கு வந்தா படகுல ஏத்திக்கறேன். வரலன்னா வேற ஆள்.” கடலில் கண்ணிவெடி கிடக்கிறது, நீர்மூழ்கிகள் ஜப்பான்காரன் கப்பல்களை மூழ்கடிக்கின்றன என்பது சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். கப்பலண்ணேவுக்கும் தெரியும். ஆனாலும் கரைக்கு வந்து இரண்டு வருஷமாக இல்லாத வெளிச்சம் அவர் முகத்தில் வந்துவிட்டது.

“தடுங்கக்கா,” என்றேன்.

“போகட்டும்லா. நான் என்னைக்குத் தடுத்தேன்?” என்றார் அக்கா. குரல் கல்லாக இருந்தது.

உண்மைதான். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் சகுனத் தடை. திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படவேண்டும். கப்பல்காரர்கள் இதில் மகா கண்டிப்பு. மரகதம் அக்கா ஒவ்வொரு பயணத்துக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றவர். மறந்துபோன சாமானைக்கூட ஆள்விட்டு அனுப்புவாரே தவிர, கூப்பிட்டதில்லை.

விடிந்ததும் கப்பலண்ணே பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசற்படி இறங்கினார். பக்கத்து வீட்டைத் தாண்டவில்லை.

“என்னங்க!”

நான் மாடி ஜன்னலில் விறைத்துப்போனேன். கப்பலண்ணே பாம்பை மிதித்தவர் போலத் திரும்பினார். “அறிவிருக்கா உனக்கு? புறப்படறவனை...”

“கைக்குட்டை எடுத்தீங்களா?”

எடுத்திருந்தார். ஆனாலும் சகுனம் சகுனம்தான். உள்ளே வந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், எழுந்தார். இந்தமுறை நாலைந்து வீடு தாண்டியிருப்பார்.

“என்னங்க! குடை?”

வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து குடித்தார். அடுத்தது சீப்பு. அதற்கடுத்தது, நேற்று தைத்த பொத்தான் கெட்டியாக இருக்கிறதா என்று. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. கப்பலண்ணே கிட்டத்தட்ட ஓடினார், தெருமுனை வரை போய்விட்டார். அக்காவுக்குக் கேட்க இன்னொரு சாமான் வாயில் வரவில்லை.

“என்னங்க!” என்று மட்டும் கத்தினார். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

அவர் திரும்பி வந்தார், மெதுவாக. “இப்ப என்ன?”

“ஒண்ணுமில்ல. தண்ணி குடிங்க.”

துறைமுகத்துப் பக்கம் சங்கு ஊதியது. மண்டோரின் படகு போய்விட்டது. அதில் போனவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவரும் திரும்பவில்லை. ஆனால் அது பல மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. அன்று காலையில் நடந்தது இவ்வளவுதான்: கப்பலண்ணே பெட்டியை இறக்கிவைத்தார். வயிறு முட்டக் குடித்த தண்ணீரில் மூச்சு வாங்கியது.

“இத்தன வருஷம் ஒரு தடவகூட நீ என்னைக் கூப்பிட்டதில்லையே, மரகதம்?”

“அதான் சேர்த்து வச்சுக் கூப்பிட்டேன்,” என்றார் அக்கா.

மாடியில் ஜன்னலை நான் சாத்திக்கொண்டேன். பலகை இடுக்கில் காதை வைக்கவும் இல்லை. எனக்கு அந்த இரண்டு பேரையும் அவ்வளவு பிடித்திருந்தது.