பாடகருக்குச் சுற்றிப்போட்ட ஏழு மிளகாய்

விஞ்ஞானம் படித்தவன் முட்டாள்தனம் செய்தால் அதையும் அளவு பார்த்துத்தான் செய்வான். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் இரசாயனம் படிப்பித்த நான், தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் ஒரு பாடகரின் தொண்டையை ஏழு காய்ந்த செத்தல் மிளகாயால் கெடுத்தேன்.

அவர் ஒரு பாரித்தோன், கனத்த ஆண்குரல். சிசிலியைத் தாண்டி அவர் பெயரை யாரும் அறியார். சிற்றூர் அரங்குகளிலும் தேவாலயத் திருநாள்களிலும் இருபது வருடம் பாடியவர். ஓபராவில் கிடைத்ததெல்லாம் சிறைக்காவலன், வைத்தியன், மூன்றாம் அங்கத்தில் கடிதம் கொண்டுவருபவன். நான் அவர் வீட்டில் சமையலுக்கும் துடைப்புக்கும் இருந்தேன்.

அவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். தண்ணீரை முகர்ந்துதான் குடிப்பார். கீழ்வீட்டுத் தெனோர் பாடகன் தன் குரலுக்குக் கண் வைக்கிறான் என்பார். (அவன் பாவம், இவரைக் கண்டால் படியில் ஒதுங்கி நிற்பான்.) எனக்கோ அவர்மேல் ஒரே ஒரு சந்தேகம். வேலை தருபவர் என்று அவர் கையெழுத்து வைத்தால்தான் என் பெர்மெஸ்ஸோவை, அதாவது இந்நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பார்கள். இல்லையேல் மனைவி, மகளோடு நான் வெளியேற வேண்டியதுதான். திங்கட்கிழமை வைக்கிறேன் என்றிருந்தார். வைப்பாரா?

அதற்கு முந்திய சனிக்கிழமை மாலை அவருக்குக் கச்சேரி. பெரிய அரங்கிலிருந்து ஆள்கள் கேட்க வருகிறார்கள். பிடித்தால் முதன்முறையாகப் பெரிய பாத்திரம். வியாழனே குரல் மங்கத் தொடங்கிவிட்டது. கச்சேரி கெட்டால் கையெழுத்தும் போய்விடும் என்று எனக்குப் பயம்.

மனைவி உடனே நோயைக் கண்டுபிடித்தாள். "இஞ்சேருங்கோ, அந்தாளுக்கு நாவூறு. செத்தல் மிளகாயைச் சுத்திப் போடுங்கோ."

"நான் இரசாயனம் படிப்பிச்சவனப்பா!"

"அப்ப எரிக்கிறது லேசுதானே?"

சனி மதியம் அவர் தூங்கினார். அவர் பாட்டுக்குப் பியானோ வாசிக்கும் இளம்பெண், நாங்கள் சிஞ்ஞொரினா என்று கூப்பிடுபவள், பகேரியாவிலிருந்து ரயிலில் வந்து, முன்னறையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பூனைபோல் போய், அவர் தலையை மூன்று முறை சுற்றி, சமையலறையில் மிளகாயைச் சட்டியில் போட்டு எரித்தேன். நாவூறு இருந்தால் நெடி வராது என்பது எங்கள் ஊர் விதி.

நெடி வந்தது. அந்த மனிதர்மேல் உலகில் ஒருவருக்கும் பொறாமை இல்லை என்பது ஐயமற நிரூபணமானது.

அவசரமாகச் சட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஜன்னலைத் திறந்தேன். அதற்குள் படுக்கையறையில் கப்பல் சங்கு ஊதுவதுபோல் இருமல். முன்னறையில் சிஞ்ஞொரினாவும் இருமினாள். அவர் ஓடிவந்து அவளைப் பார்த்தார்.

"சளித் தடிமனோடை வந்து எனக்குத் தொத்த வைச்சிட்டாய்! கீழ்வீட்டுக்காரன்தானே உன்னை அனுப்பினவன்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானே கதவு திறந்தனி? வரேக்கையே இவள் இருமினவளோ?"

திங்கட்கிழமை என் கண்முன் நின்றது.

"ஓம், சிஞ்ஞோர்," என்றேன்.

அந்த இடத்திலேயே அவளுக்கு வேலை போயிற்று. அவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்து, தொட்டியில் மிதந்த கரிந்த மிளகாயைக் கண்டாள். அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள்.

"பெர்மெஸ்ஸோவுக்குக் கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"இல்லை. திங்கட்கிழமை."

"அப்ப திங்கள் வரைக்கும் வாயைத் திறவாதையுங்கோ. பிறகு சொல்லுங்கோ."

அன்று மாலை வேறொருவரைப் பியானோவுக்கு வைத்துப் பாடியவர், இரண்டாம் பாட்டிலேயே குரல் எழும்பாமல் நின்றுவிட்டார். பெரிய பாத்திரம் வேறொருவருக்குப் போயிற்று. அவர் கடைசிவரை கடிதம்தான் கொண்டுவந்தார். திங்களன்று எனக்குக் கையெழுத்து வைத்தார். "இந்த வீட்டிலை நம்பக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான்," என்றார்.

இன்றைக்கும் மகள் மிளகாய் வறுக்கும்போது சமையலறையிலிருந்து கத்துவாள்: "அப்பா, வீட்டிலை பாட்டுக்காரர் ஆரும் படுத்திருக்கினமோ?" பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் அறிந்த கதை இருமலோடு முடிந்துவிடும். சட்டைப் பையில் விழுந்த மிளகாயைப் பற்றி மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.

அந்தத் திங்கள் கழிந்து எத்தனையோ திங்கள் வந்து போயின. அந்தப் பெண் சொல்லச் சொன்னதை, கேட்க வேண்டிய பாடகரும் அவளும் இல்லாத காலத்தில், இப்போதுதான் சொல்கிறேன்.