முன்னறையும் முந்நூறு சோப்பும்

"இனிமே இந்த வீட்டுல ஒரு சோப்புக்கட்டி முளைக்கப்படாது!"

எங்க அப்பா சோலைராஜ் இந்தச் சபதத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டே எடுத்தார். அதுவும் அம்மா வாசலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போன பிறகு. அதுவும் என் காதுக்குள். வீரம் என்றால் அப்படி ஒரு வீரம்.

அம்மா ரேணுகாதேவி வீட்டிலேயே சோப்பு செய்கிறாள். தேங்காயெண்ணெய், ஆமணக்கெண்ணெய், ஆவாரம்பூப் பொடி, அளந்து போட்ட காஸ்டிக் சோடா. கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு அவள் கலக்கும்போது பார்த்தால் வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருக்கும். இதுவரை எதிர்வீடு, பக்கத்துவீடு என்று மாதம் பத்துப் பதினைந்து போனால் அதிகம். போன வாரம் நாகலாபுரத்துக் கண்ணுசாமி மாமா வந்தார். மகள் ஆனந்தி அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக அம்மாவின் சோப்பு. மொத்தம் முந்நூறு!

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த ஆர்டர் ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்தால் வாசலில் ஒரு போர்டு மாட்டிவிடலாம் என்று எழுத்தின் நிறம் வரைக்கும் யோசித்து வைத்துவிட்டாள்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். வெட்டிய சோப்பை உடனே பையில் போட முடியாது. நாலு வாரம் காற்றாட அடுக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் காரம் அடங்கும். அடங்காமல் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் சொறிந்துகொண்டே ஊர்போய்ச் சேருவார்கள்.

அடுக்களையில் அடுக்கிப் பார்த்தாள். இட்லி ஆவியில் சோப்புக்கு வியர்த்தது. மொட்டைமாடியில் அடுக்கினாள். ஆடிக் காற்று கரிசக்காட்டில் பாதியை அள்ளிக்கொண்டு வந்து அப்பியது. முதலில் வெட்டிய முப்பது சோப்பும் மதியத்துக்குள் கருப்பட்டியாகிவிட்டன.

"குளிச்சா அழுக்காகுத சோப்பு ஒலகத்துலயே நம்ம வீட்டுலதாம்ட்டி இருக்கு," என்று அப்பா சிரித்தார்.

சிரித்தது தப்பு. அம்மாவின் பார்வை முன்னறைக்குத் திரும்பியது. இரண்டு பக்கம் ஜன்னல். வாசல் வேப்பமரம் மறைத்துக்கொள்வதால் புழுதி வராது, காற்று மட்டும் வரும். நடுவில் அப்பாவின் கட்டில். எதிரே டிவி. டிவிக்குள் கபடி.

"ஏங்க, ஒரு மாசம் உள்ரூமுல படுத்துக்கிடுதீங்களா?"

"மில்லுல எட்டு மணி நேரம் நின்னுட்டு வாரேன். எனக்குன்னு இருக்கது இந்தக் கட்டிலு ஒண்ணுதான்."

"கல்யாண காரியம்லா. சோப்பு கெட்டா எம்பேரும் கெடும்."

"யோசிக்குதேன்."

அப்படி யோசித்ததன் விளைவுதான் காதுக்குள் சபதம். அதை நிறைவேற்ற அவர் நம்பியது என் தொண்டையை.

என் பெயர் செண்பகவல்லி. பதினொன்றாம் வகுப்பு. எனக்கு எல்லார் குரலும் வரும். தலைமையாசிரியை குரலில் மணியடிக்கச் சொல்லி, பள்ளிக்கூடத்தையே இருபது நிமிடம் முன்னால் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் தும்மல்கூட வரும். அதைக் கேட்டு அம்மா அவருக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். அவரும் எதற்கென்று கேட்காமல் குடித்தார்.

"வல்லி, எனக்கு ஒரு ஆபீசர் குரலு வேணும்."

"எந்த ஆபீசரு?"

"சோப்பு ஆபீசரு."

"அப்படி ஒருத்தர் இருக்காராப்பா?"

"நீ பேசுனா இருப்பாரு. அனுமதி இல்லாம வீட்டுல சோப்பு போடக்கூடாது, இன்னையோட நிறுத்துன்னு நாலு அதட்டு அதட்டணும். இந்தா, எங்கூட மில்லுல வேலை பாக்க வேல்சாமி போனு. இந்த நம்பரு ஒங்கம்மாவுக்குத் தெரியாது."

"எனக்கு என்ன?"

"ரெண்டு பரோட்டா."

"ஆபீசரு வெறும் பரோட்டாவுக்கெல்லாம் வேலை பாக்க மாட்டாரு."

"முட்டை பரோட்டா. மேல குடல்கறி!"

தடயமே இருக்கக்கூடாது என்று அப்பா வேல்சாமி மாமாவோடு டீக்கடைக்குப் போய்விட்டார். நான் மாடிக்குப் போனேன். இயற்பியல் சாரின் இருமல், பசுவந்தனை பஸ் கண்டக்டரின் மூக்கு, அப்பாவின் மில் மேனேஜர் அதட்டல். மூன்றையும் அம்மா எண்ணெய் கலக்குகிற பக்குவத்தில் கலக்கினேன்.

"க்ஹூம்! ரேணுகாதேவிங்கிறது யாரும்மா? தூத்துக்குடியிலேர்ந்து பேசறேன். சோப்புத் தணிக்கை அதிகாரி உச்சிமாகாளி."

"சார், வணக்கம் சார்!" அம்மாவின் குரல் நடுங்கியது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் கலை என்று இறங்கிவிட்டால் பெற்றவள் என்று பார்க்க முடியுமா?

"அனுமதி வாங்கிட்டுத்தான் சோப்பு போடுறியா? உடனே நிறுத்தணும்! இன்னையோட!"

அந்த நேரம் பார்த்துப் பழைய சாமான் ஆட்டோ எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. ஒலிபெருக்கி அலறியது. "பழைய இரும்பு, பிளாஸ்டிக், ஓட்டை அண்டா எடுக்கிறோம்! ஓட்டை அண்டா!"

அம்மாவுக்கு ஒரு காதில் தெரு வழியாக ஓட்டை அண்டா. இன்னொரு காதில் தூத்துக்குடி வழியாக அதே ஓட்டை அண்டா.

"சார்... அங்கனயும் அண்டா எடுக்காவளா?" அம்மாவின் குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

"க்ஹூம். ஆமா. மாவட்டம் முழுக்க எடுக்கோம்."

அடுத்த நிமிடம் ஈரத்துணி வாளியோடு மாடிப்படியில் அம்மா. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

"எவ்வளவுக்குட்டி பேசுன?"

"ரெண்டு முட்டை பரோட்டா."

நான் அடிக்குக் காத்திருந்தேன். அடி வரவில்லை. அம்மா வாளியை இறக்கிவைத்துவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

"ஆபீசரை வேலையவிட்டு எடுக்கலட்டி. டிரான்ஸ்பர் போடுதேன். இன்னைலேருந்து எனக்குக் கீழ வேலை."

"அப்ப பரோட்டா?"

"அதை ஒங்க அப்பாகிட்டயே வாங்கிக்க. வாக்குக் குடுத்தது அவியதான்."

அரைமணி நேரம் கழித்து அப்பா வந்தார். தீபாவளி போனஸ் வாங்கிய முகம். அம்மா முன்னறையில் ஜன்னலுக்கு முதுகு காட்டி, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ரேணுகா, மூஞ்சி வாடிக் கிடக்கு?"

"சோப்பை நிறுத்தச் சொல்லி ஆபீசரு போன் போட்டாரு."

"அடப்பாவமே! சரி, கவர்மெண்டுன்னா நாம அடங்கித்தான போவணும்?"

"அதாங்க நானும் சொன்னேன். வீட்டுக்காரருகிட்டயும் பேசணும்னாரு. இப்பக் கூப்பிடுவாரு."

"யார்கிட்ட?"

போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"க்ஹூம்! யாருய்யா சோலைராஜ்?"

அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். வேப்பமரக் கிளையில் சோப்புத் தணிக்கை அதிகாரி காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாந்தான்... சார்."

"ஒம்ம சம்சாரம் போடுற சோப்பைப் பத்தி விசாரிச்சாச்சு. அருமையான சோப்பு. அனுமதி உண்டு. ஆனா அடுக்குற இடம் சரியில்ல. ரெண்டு பக்கம் ஜன்னல் வச்ச அறை இருக்கா?"

அப்பா மரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அம்மாவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் ஆபீசர் யார், அனுப்பியது யார் என்று வரிசையாகக் கேள்வி வரும்.

"இருக்கு சார்."

"அதுல என்னய்யா கிடக்கு?"

"ஒரு கட்டிலு சார்."

"கட்டிலு மேல?"

"நாந்தான் கிடப்பேன்."

"ரெண்டையும் வெளியேத்தணும்!"

"சார், டிவி மட்டுமாவது..."

"டிவிச் சூடு சோப்புக்கு ஆகாது. அப்புறம், தினம் சாயங்காலம் ஒவ்வொரு சோப்பையும் திருப்பித் திருப்பி வைக்கணும். மில்லு வேலையில கை பழகுன ஆளா இருந்தா உத்தமம்."

கடைசியாகச் சொன்னது அம்மா சொல்லிக்கொடுத்ததில் இல்லை. என் சொந்தச் சரக்கு.

அன்றைக்கே கட்டில் உள்ரூமுக்குப் போனது. முன்னறையில் மூங்கில் தட்டுகள் ஏறின. அப்பா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. பரோட்டாவும் வரவில்லை. ஆனால் ஆபீசரின் உத்தரவை மீறினால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடுமே! தினமும் சாயங்காலம் முணுமுணுத்துக்கொண்டே முந்நூறு சோப்பையும் புரட்டினார். முதல் வாரம் தேளைத் தொடுகிற மாதிரி தொட்டார். இரண்டாம் வாரம் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். மூன்றாம் வாரம், உள்ளே எட்டிப் பார்த்த வேல்சாமி மாமாவை அவரே அதட்டினார். "ஏலே, கையை வைக்காத! அந்தத் தட்டுக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு!"

கல்யாணத்தில் ஒருத்தரும் சொறியவில்லை. ஒரே வாரத்தில் ரயிலடிப் பக்கம் கடை வைத்திருக்கும் காளிராஜ் அண்ணாச்சி மாதாமாதம் இருநூறு சோப்பு கேட்டு ஆள் அனுப்பினார். வாசலில் மஞ்சள் எழுத்தில் போர்டு ஏறியது. ஏணி போட்டு ஆணி அடித்ததே அப்பாதான். இறங்கி வந்து, தெருவின் அந்தப் பக்கம் நின்று நாலு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே வந்ததும்தான் காலித் தட்டுகள் கண்ணில் பட்டன. அன்றைக்குச் சாயங்காலம் கபடி இறுதிப் போட்டி வேறு. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"ரேணுகா, கட்டிலை இங்கன திரும்பப் போட்டுக்கிடலாமான்னு அந்த ஆபீசருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாப்பமா?"

அம்மா எண்ணெய் கலக்குவதை நிறுத்தவுமில்லை, நிமிரவுமில்லை. அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏட்டி உச்சிமாகாளி! ஒங்க அப்பா என்னமோ கேக்காவ, வந்து பதில் சொல்லு."