சங்கிலி வாயால் ஒரு நல்ல வார்த்தை

"இதெல்லாம் ஒரு வண்டியா? இதைப் போயி வண்டின்னு சொன்னா மாட்டு வண்டிக்காரன் சிரிப்பான்."

எதிர் டீக்கடையில் சங்கிலி ஆரம்பித்துவிட்டார். கிறிஸ்துராஜ் எழுந்து போய் ஷோரூமின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். குரல் உள்ளே வந்தது. ஏசியைக் கூட்டி வைத்தார். குளிர்தான் கூடியது, சங்கிலியின் சத்தம் குறையவில்லை.

நாகல் நகரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் சங்கிலி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திண்டுக்கல்லில் யாரும் கார் வாங்குவதில்லை. அப்படிப்பட்ட மனிதர் தினமும் காலையில் ஒர்க்‌ஷாப்பைத் திறப்பதற்கு முன்பு மெனக்கெட்டு இங்கே வந்து, ஹாரு காரைத் திட்டிக்கொண்டே ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறார். கிறிஸ்துராஜ் அந்த ஹாரு ஷோரூமின் விற்பனை மேலாளர். அவருக்குக் கீழே விற்பனைக்கு வேறு ஆள் கிடையாது.

திட்டுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஹாரு கொரியா கம்பெனி. ரொம்ப வருடங்களுக்கு முன்பு, 'ஏழைக்கும் ஒரு கார்' என்று சொல்லிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தது. ஊரும் நம்பி வாங்கியது. அதற்குப் பிறகு திண்டுக்கல் சாலைகளில் அந்தக் கார்கள் ஓடியதைவிடத் தள்ளப்பட்டதுதான் அதிகம். தைப்பூசத்துக்கு அந்தக் காரில் பழனிக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்தை, நடந்து போன பக்தர்கள் முந்திப் போனார்கள். பாவம் என்று மோரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கம்பெனி மானம் போய், கடையைக் கட்டிக்கொண்டு கொரியாவுக்கே திரும்பியது.

இப்போது புதுக் கார், புது எஞ்சின், பத்து வருட வாரண்டி என்று திரும்பி வந்திருக்கிறது. சென்னையில் நடந்த பயிற்சி முகாமில் கொரிய அதிகாரி ஒருவர் மேடையேறி, பழைய காருக்காக இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். கிறிஸ்துராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய வாழ்க்கையில் யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

ஆனால் கொரியாக்காரர் குனிந்தது சங்கிலிக்குத் தெரியாதே.

"என்ன கிறிஸ்து, இன்னைக்கும் கச்சேரியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் முதலாளி மதியழகன்.

"ஆமா சார்."

"ஆவணி மொத முகூர்த்தத்துல பத்து வண்டி வெளிய போகணும். இல்லைன்னா ஷோரூமை மூடிருவோம்னு கம்பெனி சொல்லிட்டான். எத்தனை புக்கிங் ஆயிருக்கு?"

"நாலு சார். ஆடி மாசம்ல."

ஆடியில் யாரும் வண்டி எடுக்கமாட்டார்கள். ஆவணியில் எடுப்பதற்கு ஆடியில் புக் செய்து வைப்பார்கள், அவ்வளவுதான். கிறிஸ்துராஜ் ஆடி பார்க்காத தன்னுடைய பங்குக் கோயில் ஆட்களையாவது பிடிக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பார்த்தார். அவர்களும் ஆடி போகட்டும் என்றார்கள்.

கிறிஸ்துராஜ் வேலை பார்த்த இடங்கள் மூடிவிடுவது வழக்கம். முதலில் ஸ்கூட்டர் ஷோரூம், பிறகு செல்போன் கடை. இதுவும் மூடிவிட்டால், இந்த வயதில் இன்னொரு கடைக்காரன் இவரை வாசலில்கூட நிற்க விடமாட்டான். மகள் ஏஞ்சலின் இப்போதுதான் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். இரவில் எழுந்து உட்கார்ந்து அவளுடைய ஃபீஸைக் கணக்குப் போட்டார்.

சாப்பிடும்போது மனைவி அமலராணியிடம் சொல்லி அழாத குறை.

"அந்தச் சங்கிலி வாயால ஒரு நல்ல வார்த்தை வந்துட்டா போதும். நான் பொழைச்சுக்குவேன்."

"அவரு வாய், அவரு பேசுறாரு. நீங்க பேசாம இருங்க. தொட்டுக்க வெஞ்சனம் வேணுமா?"

"திட்டியே நாலு பேர் வந்திருக்கான்னா, பாராட்டுனா நாப்பது பேர் வருவான்ல."

"நான் கேட்டது வெஞ்சனம்."

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர். கம்பெனியின் நல்ல பெயர் காணாமல் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சங்கிலி வாயால் ஒரே ஒரு நல்ல வார்த்தை போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்றும் சொல்லி வைத்தார்.

அங்கிருந்து நேராக நாகல் நகர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் பழைய ஹாருவின் படம் ஒன்று சந்தனம், குங்குமத்தோடு தொங்கியது. கிறிஸ்துராஜுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

"அண்ணே, இது எங்க பழைய வண்டில்ல?"

"அதுதான்டா வண்டி. அது மாதிரி இனி ஒருத்தன் செய்யப் பொறக்கணும். அப்ப ஊருக்கே நான்தானே சொல்லி வாங்கிக் குடுத்தேன்."

கம்பெனி மேல் இன்னும் கொஞ்சம் பாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கிறிஸ்துராஜ் நெகிழ்ந்துபோனார். இதுதான் சமயம் என்று, கொரியாக்காரர் செய்த மாதிரியே கைகளைத் தொடையோடு ஒட்டி இடுப்பு வரை குனிந்தார்.

சங்கிலியும் கூடவே குனிந்து தரையில் தேடினார்.

"என்ன அப்பு, சாவியக் கீழ போட்டுட்டியா?"

"இல்லண்ணே. நீங்க ஒரு தடவ ஷோரூமுக்கு வந்து வண்டியப் பாக்கணும். பார்த்துட்டுப் பெறகு பேசுங்க."

மறுநாளே சங்கிலி வந்தார். அவருக்காகப் பிரியாணி சொல்லியிருந்தார் கிறிஸ்துராஜ். சங்கிலி பிரியாணியை முழுவதும் சாப்பிட்டு, கை கழுவி, வாய் துடைத்து, பானெட்டைத் திறந்தார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிந்தது. மூடிக்கு ஓரமாக ஒரு விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை.

"கை வைக்கவே எடமில்லையே. இத எவன்டா செஞ்சது?"

அந்த நேரம் பார்த்து உள்ளே நாலைந்து வாடிக்கையாளர்கள். அமலராணி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக் கிளாரா டீச்சரும், பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் முகமது ரஃபீக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சங்கிலி அவர்களைப் பார்த்தே பேசினார்.

"நல்லாப் பாத்துக்கங்க. இது வண்டி இல்ல, பொட்டி. இதை வாங்குறவன் உருப்படமாட்டான்."

சொல்லிவிட்டுப் பீடாவும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கிறிஸ்துராஜ் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பிரியாணி வாங்கிப் போட்டு, ஷோரூமுக்குள் கூட்டி வந்து திட்டு வாங்கிய ஒரே மேலாளர் இந்த மாவட்டத்தில் அவராகத்தான் இருக்கும்.

மறுநாள் கிளாரா டீச்சரும் ரஃபீக்கும் வந்து புக் செய்தார்கள். எல்லாம் தான் சிரித்த முகமாகப் பேசியதால்தான் என்று கிறிஸ்துராஜ் நினைத்தார். சிரித்த முகத்துக்கே இரண்டு வண்டி என்றால் சங்கிலியும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். போட்டிருக்க வேண்டாம்.

"ஓட்டிப் பாத்தாதான் அவருக்குத் தெரியும் சார்" என்று மதியழகனிடம் சொல்லி, டெமோ காரை இரண்டு நாளைக்குச் சங்கிலியிடம் விட்டார். சங்கிலிக்கு அப்போது செம்பட்டியில் ஒரு காதுகுத்து இருந்தது. குடும்பத்தோடு கிளம்பினார்.

திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்தவர் லேசில் எழுந்திருக்கவில்லை. கூட்டம் கூடிவிட்டது. கிறிஸ்துராஜ் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெல்ட் போடலைன்னா கத்துது. கதவச் சாத்தலைன்னா கத்துது. வீட்ல அவ ஒருத்தி கத்துறது போதாதா எனக்கு?"

கூட்டம் சிரித்தது.

"வழியில ஆட்டு மந்தை வந்துச்சு. நான் பிரேக்கத் தொடல. அதுவா நிக்குது. ஏலே, நான் டிரைவரா, அது டிரைவரா? டூல் பொட்டி, ஜாக்கி, கயிறு அம்புட்டையும் தூக்கிப் போட்டுட்டுப் போனேன். அம்புட்டும் தண்டச் சுமை. போனது தெரியல, வந்தது தெரியல. வண்டின்னா அதுக்குன்னு ஒரு சத்தம், ஒரு ஆட்டம் வேணாமா?"

மதியழகன் போன் செய்தார். "கிறிஸ்து, வண்டியையும் குடுத்து, டீசலையும் போட்டு, ஊரக் கூட்டித் திட்ட வச்சிருக்கியே. நீ எனக்கு வேலை பாக்குறியா, எதிர்க் கடைக்காரனுக்கு வேலை பாக்குறியா?"

அந்த வாரத்தில் செம்பட்டியிலிருந்து ஒருவரும் குஜிலியம்பாறையிலிருந்து ஒரு விவசாயியும் வந்து புக் செய்தார்கள். மொத்தம் எட்டு. கிறிஸ்துராஜுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆடி முடியப் போகிறது, இன்னும் இரண்டு குறைகிறது, எதிரே சங்கிலியின் குரல் ஓயவில்லை. அன்று இரவு பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எட்டு பேரு தன்னால வந்திருக்காங்கல்ல. ரெண்டு பேரு வரமாட்டாங்களா? சும்மா இருங்கங்க" என்றாள் அமலராணி.

சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. அதைச் செய்ய கிறிஸ்துராஜால் முடியவில்லை. காலையில் முதலாளியிடம் போய்த் தன்னுடைய கடைசி யோசனையைச் சொன்னார்.

"நம்ம வண்டி சர்வீஸ் பூராவும் சங்கிலி அண்ணனுக்கே குடுத்துருவோம் சார். அவரு கடையில நம்ம போர்டு மாட்டிருவோம். பெறகு எப்பிடித் திட்டுவாரு?"

மதியழகன் எழுந்து வந்து கிறிஸ்துராஜின் தோளைத் தட்டினார். அந்த ஷோரூமில் அவருடைய தோள் தட்டப்பட்டது அதுதான் முதல் தடவை.

சங்கிலியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எல்லா வண்டியும் எங்கிட்டதான் வருமா?"

"எல்லா வண்டியும் அண்ணே. பத்து வருசத்துக்கு."

"வந்தே ஆகணுமா?"

"வந்தே ஆகணும். அப்பத்தான் வாரண்டி செல்லும்."

சங்கிலி சுவரில் இருந்த பழைய ஹாருவை ஒரு பார்வை பார்த்தார். அவருடைய முகம் மெதுவாக மலர்ந்தது.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி. கொரியாக்காரன் கெட்டிக்காரன். தங்கமான வண்டி."

கிறிஸ்துராஜுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தோனியார் கைவிடவில்லை. அந்த மகிழ்ச்சியில், யாரும் கேட்காமலேயே, ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொன்னார். ஷோரூமின் அகலத்துக்கு ஃப்ளெக்ஸ். அதில் வெள்ளை வேட்டி சட்டையில் சங்கிலி கும்பிட்டுக்கொண்டு நின்றார். கீழே, 'நான் ஊருக்குச் சொல்லும் ஒரே கார் ஹாரு.' டீக்கடையிலும் கச்சேரி மாறிவிட்டது.

"வாங்குனா இதை வாங்கு. நான் சொல்றேன்ல. கண்ண மூடிட்டு வாங்கு."

இரவு கிறிஸ்துராஜ் வெஞ்சனம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காலையில் ஷோரூமைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. முகமது ரஃபீக்.

"பாய், சொல்லுங்க."

"கிறிஸ்துராஜ், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி வேணாம். வீட்ல வேணாங்குறாங்க."

வைப்பதற்குள் அடுத்த போன். குஜிலியம்பாறைக்காரர். மழை இல்லை, வண்டி அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். புக் செய்த அன்றும் குஜிலியம்பாறையில் மழை இல்லை. செம்பட்டிக்காரர் மச்சான் வேறு வண்டி எடுத்துவிட்டதாகச் சொன்னார். மற்றவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. கிறிஸ்துராஜ் வெளியே ஓடிப் போய் ஃப்ளெக்ஸை ஒரு தடவை பார்த்தார். எழுத்துப் பிழை ஏதும் இல்லை. சங்கிலி கும்பிட்டபடியே இருந்தார்.

மதியம் மதியழகன் வந்து, ஷோரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏசியை நிறுத்திவிட்டுப் போனார். செல்போன் கடை முதலாளியும் கடைசியில் இப்படித்தான் முதலில் மின்விசிறியை நிறுத்தினார். கிறிஸ்துராஜுக்கு அந்த அமைதி நன்றாகப் பழக்கமானது. ஏஞ்சலினிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி வியர்வையோடு உட்கார்ந்திருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும் கிளாரா டீச்சர் நேரிலேயே வந்தார். அமலராணியின் சிநேகிதி, போனில் சொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது.

"நீங்களுமா டீச்சர்?"

கிளாரா பையிலிருந்து புக்கிங் ரசீதை எடுத்து மேசையில் வைத்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. வண்டி அதே வண்டி. வெலை அதே வெலை. இப்ப சங்கிலி அண்ணனே நல்ல வண்டின்னு சொல்லிட்டாரு. இதுக்கு மேல ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

கிளாரா டீச்சர் கண்ணாடி வழியாக எதிர் டீக்கடையைப் பார்த்தார். சங்கிலி யாரோ ஒருவரிடம் ஹாருவின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர் மெல்ல நழுவிக்கொண்டிருந்தார்.

"சார், பழைய ஹாருவையும் இப்பிடிப் புகழ்ந்து புகழ்ந்துதான் ஊரு தலையில கட்டுனாரு. அந்த மெக்கானிக்கே வேலை வராதுன்னு வயிறெரிஞ்சு திட்டுற வண்டின்னுதானே நாங்க எல்லாரும் இதை நம்பி புக் பண்ணோம்."