உங்கள் தங்கை சாமியான விவரம்

தாமான் கெனாங்கா,
மேரு, கிள்ளான்.
செவ்வாய்க்கிழமை

பூச்சோங்கில் கோபமாக இருக்கும் என் மதிப்புக்குரிய மச்சான் லியோனல் அவர்களுக்கு,

இயேசுவுக்குப் புகழ். முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லாமல் கிரிகரி எழுதிக்கொள்வது. அங்கே அக்காவும் பிள்ளை மிஷெலும் மாதாவின் நிழலில் சுகமாக இருப்பார்கள் என்றும், உங்கள் இருமல் மட்டும் உங்களைப் போலவே யார் பேச்சையும் கேட்காமல் இருக்கும் என்றும் நம்புகிறேன். தொலைபேசியில் அழைத்தால் நீங்கள் முதலில் கத்துவீர்கள், பிறகு இருமுவீர்கள், பிறகு அக்கா வாங்கி அழுவார். என் பக்கத்து நியாயத்துக்கு முறை வராது. அதனால்தான் காகிதம்.

நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்பிய குரலைக் கேட்டேன். "கிரிகரி, என் தங்கச்சிக்கு எலுமிச்சம்பழ மாலை போடுறாங்களாமே, சூடம் காட்டுறாங்களாமே, நீ பக்கத்துல பூசாரி மாரி உக்காந்திருக்க, நெத்தியில வேற பட்டையா? கோயில் பாட்டுக் குழுவுல எல்லாருக்கும் அந்தப் படம் போயிருச்சு. நான் எந்த முகத்த வச்சுகிட்டு ஞாயித்துக்கிழம பாட்டு எடுப்பேன்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. முதலில் நெற்றியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது விபூதி அல்ல, சிலுவைக்கு அடித்த வெள்ளைச் சாயம், வியர்வையைத் துடைத்தபோது ஒட்டிக்கொண்டது. எலுமிச்சம்பழம் சர்பத்துக்கு வாங்கியது என்று சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் அது எலுமிச்சம்பழ மாலைதான், உங்கள் தங்கைக்குத்தான் போட்டார்கள், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அது எப்படி ஆயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தாமான் வீடுகளுக்கும் கம்பம் நெனாஸ் கிராமத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ரோடு. ஒரு பக்கம் செம்பனை, மறு பக்கம் ஆள் விழுந்தால் தெரியாத பெரிய லோங்காங் சாக்கடை, நடுவில் தொழிற்பேட்டைக்குப் பறக்கும் லோரிகள். நடப்பவனுக்குப் புல் நுனிகூட மிச்சமில்லை. கம்பத்தில் இருக்கும் இராஜம்மாவின் வீட்டுக் கொல்லையில் உங்கள் தங்கை மகதலேனாவும் அவரும் சேர்ந்து கீரை போட்டிருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் சைக்கிளில் போவாள். "நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஓரமா ஒரு பாதை போட்டுத் தாங்கய்யா" என்று எத்தனையோ வருஷமாக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினவள் அவள். எல்லா இடத்திலும் உட்கார வைத்து மைலோ கொடுத்து அனுப்பினார்கள். போன வருஷம் கூடையில் கீரைக்கட்டோடு திரும்பி வந்தவளை ஒரு லோரி உரசித் தள்ளியது. சவப்பெட்டியைத் தூக்கினவர் நீங்கள், மேற்கொண்டு உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அவள் விழுந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சிலுவை நட்டேன், மெழுகுவத்தி ஏற்றினேன். அதுவரைக்கும் நான் சுத்தமான கத்தோலிக்கன், மச்சான்.

அதற்குப் பிறகு பாதை கேட்டு ஒரு குழு அமைத்தோம். தலைவர் அய்யாவு. இவர் எங்கள் தாமானில் உள்ள எல்லாக் குழுக்களுக்கும் தலைவர், குழு இல்லாத நாட்களில் அவருக்கு உடம்பு சரியிருக்காது. முதல் வேலையாக அவர் ஒரு நடைப்பயணம் ஏற்பாடு செய்தார். தாமானிலிருந்து கம்பம்வரை எல்லோரும் நடந்து காட்டி, நடக்க இடமில்லை என்று உலகத்துக்கு உணர்த்துவது திட்டம். நல்ல கூட்டம், ஆனால் நடக்க இடமில்லாததால் எல்லோரும் காரில் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் ரோட்டோரமாகக் காரை வரிசையாக நிறுத்த, மிச்சமிருந்த புல்லும் போயிற்று, லோரிகள் நெரிந்து நிற்க, போலீஸ் வந்து எல்லாக் காருக்கும் சம்மன் எழுதியது. அய்யாவு ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கியபோது கேட்க இருந்தவர்கள் நானும் இராஜம்மாவும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களும்தான். அவர் முழுப் பேச்சையும் பேசினார்.

பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து விமலன் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். இளைஞர், நல்ல பிள்ளை. நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் எண்ண வேண்டும் என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு குருவிகூட நடக்கவில்லை. "அங்கிள், நடக்க ஆளே இல்லையே, யாருக்குப் பாதை?" என்றார். லோரிக்குப் பயந்து எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள் அய்யா என்றேன். "பயந்து வீட்ல இருக்கறவங்கள எழுத இதுல கட்டம் இல்ல லா அங்கிள்" என்று வருத்தமாகச் சொன்னார். மறுநாள் ஆட்களைத் திரட்டி வருவதாக அய்யாவு வாக்குக் கொடுத்தார். வந்தது இராஜம்மா ஒருவர்தான். அவர் தமிழ்ப்பள்ளி கென்டினில் சமையல் வேலை செய்கிறார், எப்படியும் அந்த ரோட்டில் நடந்துதான் ஆக வேண்டும். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, போவதும் வருவதுமாக நடந்தார். குடையை மாற்றினார், தலையில் துண்டு போட்டார், துண்டை எடுத்தார். விமலன் நிமிர்ந்து, "ஆன்டி, நீங்க இப்பதானே போனீங்க?" என்றார். "அது என் தங்கச்சி, தம்பி." "அப்ப அதுக்கு முன்னாடி போனது?" "அது எங்க அக்கா." விமலன் மூன்று பேரையும் குறித்துக்கொண்டார். அறிக்கையில் மட்டும், இவ்வழியை ஒரே குடும்பத்தினர் பயன்படுத்துகின்றனர் என்று எழுதிவிட்டார். திட்டம் தள்ளுபடி.

இனித்தான் நீங்கள் கேட்ட விஷயம். தினமும் வேலைக்குப் போகும் வழியில் இராஜம்மா என் வீட்டுக் கேட்டில் ஒரு கட்டுக் கீரை மாட்டிவிட்டுப் போவார். அப்படிப் போகும்போது சிலுவை மொட்டையாக நிற்கிறதே என்று ஒரு முழம் பூ வைத்தார். லோரிக் காற்றில் மெழுகுவத்தி சாய்ந்துகொண்டே இருந்ததால் முட்டுக்கொடுக்க ஒரு கல்லை நட்டார். கல் கல்லாகவே இருக்கிறதே என்று மஞ்சள் துணி கட்டி ஒரு பொட்டும் வைத்தார். இதில் எந்த இடத்தில் நான் தடுத்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். ஒருநாள் லோரி ஓட்டுநர் ஒருவர் நிறுத்தி, "அக்கா, இது என்ன சாமி?" என்று கேட்டிருக்கிறார். "சாமி இல்ல தம்பி, எங்க லேனம்மா" என்று இவர் சொல்லியிருக்கிறார். முதல் பாதி அவர் காதில் ஏறவில்லை. அடுத்த வாரம் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அதற்கடுத்து வேண்டுதல், சூடம், வெள்ளிக்கிழமைப் பொங்கல். வங்காளதேசத்து ஓட்டுநர்கள்கூட அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். நாங்கள் பேனர் கட்டினோம், கையெழுத்து வாங்கினோம், எதற்கும் குறையாத வேகம், மச்சான், அந்தக் கல்லுக்குக் குறைந்தது. நம் பங்குச் சாமியாரிடம் ஓடினேன். வந்து நீண்ட நேரம் பார்த்தார். "கிரிகரி, இத நான் பாக்கல" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவரும் அந்த இடத்தைக் கடக்கும்போது மெதுவாகத்தான் போனார்.

சாயங்காலம் நான் அங்கே போய் உட்கார்வது வழக்கமாகிவிட்டது. அவர்கள் சூடம் காட்டுவார்கள், நான் சட்டைப்பைக்குள் ஜெபமாலை உருட்டுவேன். வருகிறவர்கள் மகளின் பரீட்சை, கால் வலி, விசா என்று எல்லாவற்றையும் அவளிடம் சொல்வார்கள். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் ஊர்க் கதை முழுக்கக் கேட்பாள். எல்லோரும் அவளோடு பேசுகிறார்கள், எனக்குத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது. வீட்டில் அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வருகிறவர்கள் என் மனசு கஷ்டப்படும் என்று பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். அவள் பெயரை மற்றவர்கள் வாயால் கேட்க எனக்கு இருந்த இடம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் பெருகவே அய்யாவு விமலனை மறுபடி வரவழைத்தார். அவர் எண்ண முடியாமல் திணறி, போகும்போது தாமும் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துவிட்டுப் போனார். போன மாதம் பாதைக்கு அனுமதி வந்துவிட்டது. நடக்கவும் சைக்கிளுக்கும் தனி வழி, லோரிக்கும் அதற்கும் நடுவில் இரும்புத் தடுப்பு. தாமானே துள்ளியது. வரைபடத்தைப் பிரித்தால், பாதை நேராக லேனம்மாவின் தலைமேல் போகிறது. இந்தப் பக்கம் லோங்காங், அந்தப் பக்கம் தனியார் செம்பனை, நகர்த்த வழியே இல்லை. வருகிற திங்கட்கிழமைக்குள் இடத்தைக் காலி செய்யாவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். சிலுவையைத் தள்ளி நடலாமே என்பீர்கள். அவள் விழுந்த இடம் தள்ளிப் போகுமா?

இதற்குள் கோயில் குழு ஒன்று அமைந்துவிட்டது, அதற்கும் அய்யாவுதான் தலைவர். பாதைக் குழுத் தலைவர் என்ற முறையில், கோயிலை உடனே அகற்றும்படி கோயில் குழுத் தலைவருக்கு அவர் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். மறுநாள் அதைவிடக் கடுமையாகப் பதில் எழுதினார். இப்போது இரண்டு தலைவர்களும் பேசிக்கொள்வதில்லை. கடைசியில், "அம்மாவோட வீட்டுக்காரர் வாயால சொல்லட்டும், எடுக்கறதா வைக்கறதான்னு. நாங்க கட்டுப்படுறோம்" என்று எல்லோருமாக என் தலையில் கட்டிவிட்டார்கள்.

யோசித்துவிட்டேன், மச்சான். எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டது பாதை, பொங்கல் அல்ல. இராஜம்மா இன்னமும் தினமும் அந்த ரோட்டில்தான் நடக்கிறார். காலையில் கேட்டில் கீரையைப் பார்த்தால்தான், சரி, இன்றைக்கும் வந்து சேர்ந்துவிட்டார் என்று எனக்கு நிம்மதி. சனிக்கிழமை காலை என் கையாலேயே எடுக்கிறேன். மனசு திடமாக இருக்கிறது, அழவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன். நீங்கள் காரை மட்டும் கொண்டுவாருங்கள். பின்சீட்டை மடக்கி, பழைய துணி விரித்துவிடுங்கள். குங்குமம் சீட்டில் ஒட்டினால் அக்கா உங்களைச் சும்மா விடமாட்டார். சிலுவையைக் கல்லறையில் அவள் தலைமாட்டில் வைத்துவிடுவோம், உங்கள் பாட்டுக் குழுவுக்கும் முகம் காட்டலாம்.

அக்காவுக்கு என் வணக்கம். மிஷெலுக்கு மாமாவின் ஆசியும், அடுத்த முறை என் படத்தைப் பாட்டுக் குழுவுக்கு அனுப்புமுன் நெற்றியைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி ஒரு புத்திமதியும். கர்த்தர் உங்கள் எல்லோரையும் ரோட்டின் உள்பக்கமாகவே நடத்திச் செல்வாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
கிரிகரி

பி.கு.: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். தபாலில் போடுமுன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் அங்கே போனேன். இராஜம்மா மண்வெட்டியோடு நின்றார். சிலுவையை ஏற்கெனவே பிடுங்கி, துவைத்த சேலையில் சுற்றிப் புல்லில் கிடத்தியிருந்தார். "உங்க கையால புடுங்க வேணாம்ணே. காலத்துக்கும் மனசுல நிக்கும். அதான் நானே எடுத்துட்டேன். பாதை வரட்டும், அவ அதுக்குத்தான ஆசப்பட்டா" என்றார். சரிம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் குழியைப் பார்த்துவிட்டேன், மச்சான். கை நுழையும் அளவுக் குழிதான். என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. சேலையை உருவி எறிந்துவிட்டு, சிலுவையை அதே குழியில் இறக்கி, மண்ணைக் கையால் அள்ளிப் போட்டு, முழங்காலால் அழுத்தி, வாய்விட்டு அழுதேன். ஒரு லோரி நின்றது. ஏதோ பூசை நடக்கிறது என்று நினைத்து ஓட்டுநர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இராஜம்மா சேலையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் எவனும் வேகத்தைக் குறைப்பதில்லை. ஒவ்வொரு லோரியும் கடக்கும்போது அவர் லோங்காங் விளிம்பில் ஒட்டி நின்று, போனபிறகு மறுபடி நடந்தார். அவர் கம்பத்துச் சந்தில் திரும்பும்வரை நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. இப்போது சிலுவை ஆடுகிறது. அதனால் சனிக்கிழமை வரும்போது ஒரு மூட்டை சிமெண்டு வாங்கி வாருங்கள். ஆனால் நான் எவ்வளவு கெஞ்சினாலும் அதைக் காரைவிட்டு இறக்காதீர்கள்.