கம்பளிச் சட்டைக்கு ஒரு விளக்கவுரை

விளக்குநர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் பாதகமில்லை, அவர் உங்களைப் பார்த்துவிடுவார். மழை பெய்தால் நாமெல்லாம் குடையைத் தேடுவோம். அவர் அந்த மழை எதைக் குறிக்கிறது என்று தேடுவார். கல்யாண வீட்டில் நாம் வடையைக் கடித்துக்கொண்டிருக்க, அவர் வடையின் நடுவிலுள்ள ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்த வெறுமை, அந்த இன்மை, இழந்த நிலத்தை அது நினைவூட்டும் விதம் என்று எதிரில் அகப்பட்டவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் தீர்ந்துபோகும். பேச்சு எப்போதும் 'அதாவது' என்றுதான் தொடங்கும். எதற்கு அதாவது? அதற்கு முன்னால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த இனத்தில் பல கிளைகள். எல்லாவற்றிலும் சுறுசுறுப்பானது புதிதாகப் பட்டம் வாங்கிய கிளை. ரொறன்ரோவின் வோபர்ன் பக்கம், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாம் மாடியில் அதற்கு ஓர் உதாரணம் வசித்தது. பெயர் மிதுனன். வயது இருபத்துமூன்று. படித்தது சமூகவியல். பரம்பரையிலேயே முதல் பட்டதாரி என்பதால், கறுப்பு அங்கி போட்ட அவனுடைய படம் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், அவற்றைவிடக் கொஞ்சம் பெரிய சட்டத்துக்குள் தொங்கியது.

அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் தகப்பன் இரத்தினவேல் கிழமைக்கு ஒருமுறை கேட்பார்: "உந்தப் படிப்பை வைச்சு என்ன தம்பி செய்யலாம்?"

அதுதான் மிதுனனுக்கும் தெரியவில்லை. பல் வைத்தியம் படித்தவன் பல்லைப் பிடுங்கலாம். சமூகத்தைப் படித்தவன் எதைப் பிடுங்குவது? விளக்கலாம். ஒருநாள் விளக்காவிட்டால் படித்ததெல்லாம் தன்னைவிட்டுக் கழன்றுவிடுமோ என்ற பயம் அவனுக்கு உண்மையாகவே இருந்தது.

ஆண்டு 2009. மே மாதம் இலங்கையில் போர் முடிந்திருந்தது. ஐப்பசிக் குளிரில் ஒரு விடியற்காலை, கட்டடத்துக்கு முன்னாலிருந்த பஸ் தரிப்புக்கு வந்த மிதுனன் அப்படியே நின்றுவிட்டான். தரிப்புக் கம்பம் சட்டை போட்டிருந்தது. கம்பளி நூலில் பின்னிய சட்டை. செம்மஞ்சளும் பச்சையும் ஊதாவுமாக அடியிலிருந்து ஆளுயரம் வரை இறுக்கிப் பிடித்த சட்டை. நெஞ்சிருக்க வேண்டிய இடத்தில் மூன்று பெரிய சிவப்புப் பொத்தான்கள்.

இரண்டு பஸ்களைப் போகவிட்டான். மூன்றாவது வருவதற்குள் முடிவுக்கு வந்துவிட்டான். சட்டையில்லை. காயத்துக்குப் போட்ட கட்டு.

"அதாவது அண்ணை," என்றான் பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "ஆக்சுவலி இது ஒரு ஸ்டேட்மென்ட். இந்த இரும்பு எங்கட சமூகத்தின்ர உடம்பு."

அவர் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார். "குளிருக்குப் போட்டிருக்கினம் போல," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

உண்மையில் நடந்தது என்ன? ஐந்தாம் மாடி அன்ரனெற் அன்ரியும் மூன்றாம் மாடி கிளடிஸ் அன்ரியும் ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவர்கள், ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள். அன்ரனெற்றின் தம்பி குடும்பத்தோடு வவுனியாவில், போருக்குத் தப்பி வந்தவர்களை அடைத்துவைத்த முகாமுக்குள் இருந்தார். அந்த வருடம் தையிலிருந்து இருவரும் வேலை முடிந்ததும் போரை நிறுத்தச் சொல்லும் பதாகையோடு தெருவில் நின்றார்கள், வீட்டுக்கு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் அழுதார்கள், எழும்பி மறுபடியும் பெட்டி அடுக்கினார்கள். புரட்டாசியில் ஒருநாள், யாருக்கோ குழந்தைத் தொப்பி பின்னியதில் நூல் மிஞ்சிக் கிடந்தது. பஸ்ஸைக் காணவில்லை. "உந்தக் கம்பத்தைப் பாரடி, குளிரில நடுங்குது," என்றாள் அன்ரனெற். மறுநாள் கிளடிஸ் அளவுநாடாவோடு வந்தாள். "இடுப்பும் நெஞ்சும் ஒரே அளவடி, உன்னை மாதிரித்தான்!" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் நடைபாதையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. ஒன்பது மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. அதை விட்டுவிட இருவருக்கும் மனமில்லை. அவ்வளவுதான் விசயம்.

மிதுனன் அதைக் கண்டுபிடித்தது மின்தூக்கியில். அன்ரனெற்றின் பைக்குள்ளிருந்து அதே ஊதா நூல் எட்டிப் பார்த்தது.

"அன்ரி! அது நீங்களா?"

"மெல்லக் கதையும் தம்பி. நானும் கிளடிஸும்தான். ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதையும்."

"ஏன் செய்தனீங்கள்?"

"சும்மா."

விளக்குநரிடம் சொல்லவே கூடாத ஒரு சொல் உண்டென்றால் அது இதுதான். மிதுனன் கண் கலங்கினான். தன் துக்கத்தைத் தானே அறியாத ஒரு தாய்! அவளுக்காக அதை அறிந்துகொள்ள வேண்டியது யார்? படித்தவன்தானே?

இதற்கிடையில் கட்டடத்துத் தமிழர் ஒன்றியத் தலைவர் அருள்நாயகம் சீறிக்கொண்டிருந்தார். "எங்கட சனம் முகாமுக்குள்ள கிடக்குது, இங்க கம்பத்துக்குக் கலர் கலராச் சட்டையோ? ஆரது?" ஞாயிறு பின்னேரம் கீழ்த்தளத்து மண்டபத்தில் கூட்டம் என்று அறிவித்தல் ஒட்டினார். அந்த வருடம் எங்கள் ஆட்கள் எதற்கும் கூட்டம் வைத்தார்கள், குப்பை போடும் நேரத்தைப் பற்றிய கூட்டத்தைக்கூட, இறந்தவர்களுக்காக எழுந்து நிற்கும் அகவணக்கத்தோடுதான் தொடங்கினார்கள். அன்ரனெற் பயந்துபோனாள். மிதுனன் அவளிடம் ஓடினான். "நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் அன்ரி. நான் பார்த்துக்கொள்ளுறன்."

பார்த்துக்கொண்டான். கூட்டத்தில் எழுந்து இருபத்தைந்து நிமிடம் பேசினான். அது சட்டையல்ல, கட்டு. நிறங்கள் நிறங்களல்ல, சிதறல். பொத்தான்கள் மூன்றும் மூடப்படாத காயங்கள். பின்னிய தாய்மார் இவர்கள்தான் என்று இருவரையும் கைகாட்டியும்விட்டான். பேசப் பேச அருள்நாயகத்தின் முகம் இளகியது. முடிக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் இரத்தினவேல் முதல்தடவையாக மகனை ஒரு மாதிரிப் பார்த்தார். இதற்குத்தான் படிப்பா!

தீர்மானங்கள் உடனே நிறைவேறின. வீதி நீளத்துக்கு நாற்பது கம்பங்களுக்கும் பின்னப்பட வேண்டும். கறுப்பு நூல் மட்டும். எல்லாம் ஒரே அளவு. பொத்தான்கள் நிகழ்வின் கண்ணியத்துக்குப் பொருந்தாதவை, ஆகவே வெட்டி எடுக்கப்படும். மிதுனன் ஏற்கனவே எழுதி பிளாஸ்டிக் உறையிட்டுக் கொண்டுவந்திருந்த விளக்கம் முதல் கம்பத்தில் கட்டப்படும். பின்னுவது யார்? அன்ரனெற், கிளடிஸ். மார்கழிக்குள்.

"எல்லாரும் எழும்பி ஒரு நிமிசம் நிப்பம்," என்றார் தலைவர்.

நின்றார்கள். மண்டபம் அடங்கியது. அந்த அமைதிக்குள் கிளடிஸ் அன்ரனெற்றின் காதில் குனிந்தாள். "நாப்பதுக்கும் இடுப்பளவு எடுக்க வேணுமோடி?" கேட்டதுதான் தாமதம், அன்ரனெற்றின் தோள்கள் குலுங்கின. சேலைத் தலைப்பை வாயில் அடைத்தாள். குலுக்கம் நிற்கவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் பீறிட்டு மண்டபம் முழுதும் கேட்டது.

எல்லாத் தலைகளும் திரும்பின. மிதுனன் விரைந்து முன்னே வந்தான்.

"அதாவது," என்றான், "இது சிரிப்பில்லை. ஒரு விதமான அழுகை."

சபை தலையாட்டியது. யாரோ ஒருவர் ஐயோ என்றார்.

அன்ரனெற் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "இல்லைத் தம்பி. சிரிச்சனான்."

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார்.

"ஒன்பது மாசம் அழுதனான். அதுக்கு ஒருத்தரும் என்னட்டை விளக்கம் கேட்கேல்லை. சிரிச்சதுக்கு மட்டும் ஏன் கூட்டம் வைக்கிறியள்?" கைப்பையை எடுத்தாள். "கறுப்பு நூல் என்னட்டை இல்லை அண்ணை. வாடி கிளடிஸ், நாளைக்கு வேலையெல்லே."

மறுநாள் காலை கம்பம் வெறுங்கம்பமாக நின்றது. செய்தவர்களே பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முந்தின மாலையே ஒன்றியத்தார் கட்டிவிட்டுப் போன மிதுனனின் விளக்கம் மட்டும் வெறும் இரும்பில் ஆடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் அதை வாசித்தார்கள். வாசித்துவிட்டு ஒன்றுமில்லாத கம்பத்தைப் பார்த்து, புரிந்ததுபோல் தலையாட்டினார்கள்.

மிதுனன் பஸ் ஏறினான். பின் இருக்கையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது, இரண்டு பெண்களின் சிரிப்பு. மூச்சு முட்டி, நின்று, மறுபடி தொடங்கும் சிரிப்பு. திரும்பிப் பார்த்தான். அன்ரனெற்றும் கிளடிஸும். அவனைக் கண்டதும் சிரிப்பு அறுந்தது. இருவரும் அந்த வருடத்துக்குப் பொருத்தமான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

அந்த முகங்கள் தன்னைக் கண்டுதான் வந்தவை என்பதற்கு அவனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். ஒரு தரிப்பு போனது. இரண்டு போயின. பின்னால் முதலில் ஒரு மூக்குச் சத்தம், பிறகு ஓர் அடக்கிய இருமல், பிறகு மறுபடியும் பழையபடி. எதற்குச் சிரிக்கிறார்கள்? 'அதாவது' தொண்டை வரை வந்து நின்றது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். திரும்பவில்லை. பட்டம் வாங்கப் பட்ட பாட்டைவிட அது பெரிய பாடு.

சரி, அவன் கதை கிடக்கட்டும். அவர்கள் எதற்குத்தான் சிரித்தார்கள் என்று உங்களுக்கும் இப்போது அரிக்கிறதல்லவா? உள்ளே ஏதோ இருக்க வேண்டும், இவ்வளவு தூரம் வாசித்ததற்கு யாராவது அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? மிதுனனுக்குப் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள். பின்னால் மட்டும் திரும்பிவிடாதீர்கள்.